கோல் கொடுத்தவர் யார்?

கோட்டயத்தில் ஆயர்களுக்கும் பஞ்சமில்லை, அவர்கள் ஏந்தும் கோல்களுக்கும் பஞ்சமில்லை. கேரளக் கிறிஸ்தவர்களின் நானூறு ஆண்டு வழக்கு அந்தக் கோலைச் சுற்றியே நடந்துவருகிறது.

கோட்டயத்தில் தேவாலயப் பொருட்கள் விற்கும் கடைகளில் மெழுகுவத்தித் தண்டுகள், தூபக்கலசங்கள், பூசைப் பாத்திரங்களுக்கு நடுவே சில சமயம் ஆயர் கோலும் கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும். பித்தளையிலோ வெள்ளி முலாம் பூசிய உலோகத்திலோ செய்தது. ஏறக்குறைய ஆளுயரம். பெரும்பாலும் மூன்று துண்டுகளாகக் கழற்ற முடியும். திருகி மாட்டினால் கோல், கழற்றினால் பெட்டிக்குள் அடங்கிவிடும் பயணச் சாமான். பணம் கொடுக்கும் எவரும் வாங்கலாம். வாங்கியவர் ஆயராகிவிட முடியாது, அவ்வளவுதான். அதைக் கையில் கொடுத்தது யார் என்பது கடை ரசீதில் தீருகிற விஷயமல்ல. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் 1653 முதல் இன்றுவரை மோதிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். உச்ச நீதிமன்றம்வரை போயும் அது முடிந்தபாடில்லை.

மலையாளத்தில் இந்தக் கோலுக்கு 'அம்சவடி' என்று பெயர். ஆயரின் கிரீடம் அம்சமுடி, பூசை உடுப்பு அம்சவஸ்திரம். வடி என்றால் கம்பு. தமிழ் படித்தவருக்குக் கோட்டயத்தில் இப்படி நிறைய வேடிக்கை காத்திருக்கிறது. தேவாலயம் இங்கே பள்ளி. ஆயர் குடியிருக்கும் வீடு அரமனை, அதாவது நம் அரண்மனை. ஆயரை அழைப்பது 'திருமேனி' என்று. தமிழில் அந்தச் சொல் கோயில் மூர்த்திக்கு உரியது. மெட்ரோபாலிட்டன் என்ற கிரேக்கச் சொல் சிரியாக் வழியாக வந்து இங்கே மெத்ரான் ஆயிற்று. தமிழகத்துப் பழைய கத்தோலிக்கர்கள் 'மேற்றிராணியார்' என்று சொல்லிவந்ததும் இதைத்தான்.

மீனச்சில் ஆற்றங்கரையில், ரப்பரும் அச்சுத் தொழிலும் வளர்த்த ஊர் கோட்டயம். 1989-ல் நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் நகரம் என்று அறிவிக்கப்பட்டது. 1887-ல் அருகிலுள்ள மன்னானத்தில் தொடங்கிய 'தீபிகா', 1890-ல் கோட்டயத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய 'மலையாள மனோரமா' ஆகிய இரண்டையும் ஆரம்பித்தவர்கள் சிரியன் கிறிஸ்தவர்கள்தான். ஆயர்களின் கணக்கு இன்னும் நீளம். தேவலோகம் அரமனையில் ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைமையகம். ஊருக்குள்ளேயே கனானயக் கத்தோலிக்கரின் பேராயம், தென்னிந்தியத் திருச்சபையின் மத்திய கேரளப் பேராயம், லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கரின் விஜயபுரம் மறைமாவட்டம். சிங்ஙவனத்தில் கனானய யாக்கோபாயரின் தலைமையிடம். மார்த்தோமா சபைக்கும் யாக்கோபாய சபைக்கும் இங்கே மறைமாவட்டங்கள் உண்டு. சிரோ மலபார் கத்தோலிக்கரைப் பார்க்கச் சங்ஙனாசேரிக்கோ பாலாவுக்கோ பஸ் ஏறினால் போதும். ஒரு கல்யாணத்துக்கோ பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கோ மூன்று சபைகளின் திருமேனிகள் ஒரே மேடையில் உட்கார்ந்திருப்பது இந்த ஊரில் செய்தியே இல்லை.

வழிபாட்டில் அவர்கள் ஏந்தும் கோல்களைக் கவனித்தால் யார் எந்தப் பக்கம் என்பது ஓரளவு தெரிந்துவிடும். லத்தீன் முறைக் கத்தோலிக்க ஆயரின் கோல் உச்சியில் கேள்விக்குறி போலச் சுருண்டிருக்கும். ஆட்டைக் கழுத்தில் கோத்து இழுக்கும் இடையனின் கொக்கி அது. வளைவு இழுப்பதற்கு, நடுத்தண்டு தாங்குவதற்கு, அடியிலுள்ள முனை சோம்பேறி ஆட்டைக் குத்தி எழுப்புவதற்கு என்று ஐரோப்பாவின் இடைக்காலப் பண்டிதர்கள் இதற்கு விளக்கம் சொல்லிவைத்தார்கள். ஆயர் இடது கையில் பிடிப்பார், ஆசீர்வதிக்க வலது கை வேண்டும். வளைவு மக்களைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும் என்பது விதி. இன்னொரு விதி இன்னும் சுவாரஸ்யமானது. தன் எல்லைக்குள்தான் ஆயர் கோலேந்தலாம். வேறொருவரின் மறைமாவட்டத்தில் ஏந்த அந்த ஊர் ஆயரின் சம்மதம் தேவை. பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு மட்டும் ஆயர் கோல் இல்லாமலே வருகிறார்.

யாக்கோபாய, ஆர்த்தடாக்ஸ் ஆயர்களின் கோலில் இந்தக் கொக்கி கிடையாது. உச்சியில் இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று பார்த்துத் தலை தூக்கி நிற்கின்றன, நடுவே சிலுவை. பாலைவனத்தில் பாம்புக் கடிபட்ட இஸ்ரவேலருக்காக மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பின் நினைவு இது. ஏறெடுத்துப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் என்பது விவிலியக் கதை. யோவான் நற்செய்தி அதைச் சிலுவைக்கு முன்னடையாளமாகச் சொல்கிறது. சர்ப்பக்காவுகள் நிறைந்த கேரளத்தில், பாம்புத் தலைக் கோலோடு வரும் பாதிரியாரைப் பார்த்து அக்கம்பக்கத்து இந்துக்கள் மிரண்டிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் ஏதும் இல்லை என்றாலும் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றாமல் இருக்காது.

தென்னிந்தியத் திருச்சபைப் பேராயரின் கோலுக்குத் தனிக் கதை உண்டு. மதச் சீர்திருத்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் ஆயர்கள் கோலைக் கீழே வைத்துவிட்டார்கள், அது ரோமாபுரியின் பகட்டு என்று. 19-ஆம் நூற்றாண்டில்தான் அது மெல்லத் திரும்பி வந்தது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் பேராயர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் எழும். நமக்கு நேரான கோல்தான் நல்ல கோல். திருக்குறளில் 55-ஆம் அதிகாரம் செங்கோன்மை, அடுத்தது கொடுங்கோன்மை. அரசன் கையில் கோல் வளைந்தால் குடிகள் கெட்டார்கள் என்று அர்த்தம். 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டு நாடு முழுக்கப் பேசப்பட்ட செங்கோலும் நேரானதுதான். அப்படியிருக்க, அன்பின் அடையாளமாக வளைந்த கோலைக் கொண்டாடும் ஒரு மதம்! ஆனால் இதற்கு விடையும் தமிழிலேயே இருக்கிறது. முல்லைப்பாட்டில் கோவலர்கள் பிடித்திருப்பது கொடுங்கோல்தான். அங்கே அதற்கு வளைந்த கோல் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. மாடு மேய்ப்பவனின் கோல், சாயங்காலம் பசுக்களை வீடு சேர்க்கும் கோல். மேய்ப்பவன் கையில் வளைந்திருந்தால் பிழையில்லை, ஆள்பவன் கையில் வளைந்தால்தான் பிழை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பிஷப்புக்கு 'ஆயர்' என்று பெயர் சூட்டியவர்கள், முல்லை நிலத்து இடையனையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், ஆயர் மேய்ப்பவரா, ஆள்பவரா என்பது எந்த நாட்டிலும் தெளிவாக முடிவாகவில்லை.

ஐரோப்பா இதற்காகப் பட்ட பாடு பெரிது. 633-ல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய சங்கம், தவறாகப் பதவி நீக்கப்பட்ட ஆயரைத் திரும்ப அமர்த்தும்போது மோதிரத்தையும் கோலையும் மறுபடி கையில் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அதாவது அப்போதே கோல் பதவியின் சாசனமாகிவிட்டது. பிறகு ஜெர்மானியப் பேரரசர்கள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே கோலும் மோதிரமும் கொடுத்து ஆயர்களாக்கத் தொடங்கினார்கள். ஆயரின் கையில் ஏராளமான நிலம் இருந்ததால் இது பக்தி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருக்கவில்லை. போப்பாண்டவர் ஏழாம் கிரகோரி எதிர்த்தார். 1077-ல் பேரரசர் நான்காம் ஹென்றி கனோஸ்ஸா கோட்டை வாசலில் பனியில் மூன்று நாள் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. 1122-ல் வோர்ம்ஸ் நகரில் சமரசம் ஏற்பட்டது. கோலும் மோதிரமும் இனி திருச்சபையின் கையிலிருந்துதான். நிலத்துக்கான உரிமையைப் பேரரசர் தம் அரச செங்கோலால் வழங்கிக்கொள்ளலாம். ஒரு மனிதருக்கு இரண்டு கோல்கள், ஒன்று வளைந்தது, ஒன்று நேர். அந்தச் சமரசத்தை எழுதியவர்களுக்கு வள்ளுவரும் முல்லைப்பாட்டும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கேரளத்தில் இந்தச் சண்டை வேறு உருவத்தில் வந்தது. கி.பி. 52-ல் அப்போஸ்தலர் தோமா வந்திறங்கியதாக நம்பும் இந்தச் சமூகத்துக்கு மெசபடோமியாவிலிருந்து ஆயர்கள் கப்பலேறி வருவார்கள். சிரியாக் மொழியில் பூசை செய்வார்கள், குருக்களுக்குப் பட்டம் கொடுப்பார்கள். அன்றாட நிர்வாகம் முழுவதும் உள்ளூர்க் குடும்பத்திலிருந்து வரும் ஆர்ச்டீக்கன் கையில். கோல் வெளிநாட்டுக்காரருடையது, குடும்பம் நடத்துபவர் உள்ளூர்க்காரர். இந்த ஏற்பாடு எவரையும் உறுத்தவில்லை. 1597-ல் அங்கமாலியில் கடைசிக் கல்தேய மெத்ரான் மார் ஆப்ரஹாம் இறந்ததும் போர்ச்சுகீசியர்கள் காரியத்தில் இறங்கினார்கள். கோவா பேராயர் அலெக்ஸோ டி மெனசிஸ் 1599 ஜூனில் உதயம்பேரூரில் ஒரு மாமன்றத்தைக் கூட்டி, பழைய நூல்களை எரிக்கவும் திருத்தவும் உத்தரவிட்டு, கல்தேயத் தொடர்பை வெட்டினார். அதற்குப் பிறகு கோலேந்தி வந்தவர்கள் இயேசு சபையைச் சேர்ந்த ஐரோப்பிய ஆயர்கள்.

பொறுமை ஐம்பது ஆண்டுகள் தாங்கியது. 1652-ல் அகத்தல்லா என்ற சிரியாக் ஆயர் மயிலாப்பூரில் வந்திறங்கினார். போர்ச்சுகீசியர்கள் அவரைப் பிடித்து வைத்தார்கள். அங்கே தோமாவின் கல்லறைக்கு வந்திருந்த கேரளத்தவர் மூலமாக ஊருக்குக் கடிதம் போயிற்று. அவரை ஏற்றிய கப்பல் கோவாவுக்குப் போகும் வழியில் கொச்சியைத் தொட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் மட்டாஞ்சேரியில் திரண்டார்கள். ஒருமுறை முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். காட்டவில்லை. 1653 ஜனவரி 3-ஆம் தேதி அங்கிருந்த கற்சிலுவையில் கயிறு கட்டி, எட்டும் தூரத்திலிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேராயர் கார்சியாவுக்கும் இயேசு சபையினருக்கும் இனி கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். இழுத்த இழுப்பில் சிலுவையே கூனிவிட்டதாக ஐதீகம். கூனன் குரிசு சத்தியம் என்று அதற்குப் பெயர். ரோமாபுரியையே உதறினார்களா, போர்ச்சுகீசியரை மட்டும் உதறினார்களா என்பதில் கத்தோலிக்க வரலாற்றாசிரியர்களும் மற்றவர்களும் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை.

அந்த ஆண்டு மே மாதம் ஆலங்ஙாட்டில் பன்னிரண்டு குருக்கள் ஆர்ச்டீக்கன் தோமாவின் தலைமேல் கைவைத்து அவரை மெத்ரான் ஆக்கினார்கள். முதலாம் மார்த்தோமா. முதல்முறையாக மண்ணின் மைந்தர் ஒருவர். ஆனால் சத்தியத்தின் சூடு ஆறியதும் கேள்வி எழுந்தது. ஆயரை ஆக்க ஆயரால்தான் முடியும். பன்னிரண்டு என்ன, பன்னிரண்டாயிரம் குருக்கள் கைவைத்தாலும் போதாது என்பது எல்லாப் பழைய சபைகளும் ஏற்றுக்கொண்ட விதி. மக்கள் கொடுத்துவிட்டார்கள், கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை.

இந்த ஓட்டையை ரோமாபுரி சரியாகப் பயன்படுத்திக்கொண்டது. 1663 ஜனவரியில் கொச்சி டச்சுக்காரர் வசமாயிற்று. வெளியேறச் சொன்ன கெடுவுக்குள் கார்மேல் சபை ஆயர் செபஸ்தியானி, கோட்டயத்துக்கு வடக்கேயுள்ள கடுத்துருத்தியில் பிப்ரவரி 1-ஆம் தேதி பறம்பில் சாண்டி என்ற உள்ளூர்க் குருவை ஆயராக்கிவிட்டுப் போனார். மக்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் சாய்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1665-ல், யெருசலேமின் மார் கிரிகோரியோஸ் வந்து சேர்ந்தார். அவர் அந்தியோக்கியாவின் சிரியன் பாத்ரியார்க்கீஸுக்குக் கீழ்ப்பட்டவர். மார்த்தோமாவின் பக்கம் அவரோடு சேர்ந்துகொண்டது. இப்படி ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு மூண்டது. ஒருவருக்குக் கோல் ரோமிலிருந்து, மற்றவருக்கு அந்தியோக்கியாவிலிருந்து. பின்னால் வந்த அத்தனை பிளவுகளும் இந்த இரண்டு அடுப்புகளிலிருந்து பற்ற வைத்தவைதான்.

கத்தோலிக்கப் பக்கம் போனவர்களுக்கும் நிம்மதியில்லை. சாண்டிக்குப் பிறகு மறுபடியும் வெளிநாட்டு ஆயர்கள். இதைச் சொல்லி முறையிட இரண்டு குருக்கள், கரியாட்டில் யவுசேப்பும் பாறேம்மாக்கல் தோமாவும், 1778-ல் தமிழ்நாட்டு வழியே நடந்து சென்னை வந்து கப்பலேறினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பிரேசிலின் பாகியாவைத் தொட்டு லிஸ்பன் போய், அங்கிருந்து ரோம். 1783-ல் கரியாட்டில் லிஸ்பனில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஊரில் ஆலயங்கள் தோறும் காத்திருந்தார்கள். 1786-ல் கோவாவரை வந்தவர் அங்கேயே இறந்துபோனார். எட்டு வருடப் பயணத்தில் கிடைத்த கோல் கேரளத்துக்கு வந்து சேரவே இல்லை. தனியாகத் திரும்பிய பாறேம்மாக்கல் எழுதிய 'வர்த்தமானப்புஸ்தகம்' இந்திய மொழிகளின் முதல் பயண நூலாகக் கருதப்படுகிறது. அதைப் பயண இலக்கியம் என்று பாடம் நடத்துகிறோம். அடிப்படையில் அது ஒரு மனு. கரியாட்டிலின் எலும்புகள் 1961-ல்தான் ஆலங்ஙாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. சிரோ மலபார் கத்தோலிக்கருக்குச் சொந்த சமூகத்து ஆயர்கள் மூவர் கிடைத்தது 1896-ல்.

மறுபக்கத்தின் கதையைப் படிக்கக் கோட்டயம் சுங்கம் பகுதியிலுள்ள பழைய செமினரிக்குப் போக வேண்டும். 1815-ல் ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் உதவியோடு மீனச்சில் ஆற்றங்கரையில் எழுந்தது. ஓடு வேய்ந்த நாலுகட்டு, உள்ளே தேவாலயம், ஆற்றுக் காற்று. இவ்வளவு அமைதியான கட்டடம் இத்தனை வழக்குகளைப் பார்த்திருக்கிறது என்று நம்புவது கஷ்டம். மிஷனரிகளின் தொடர்பால் சிலர் வழிபாட்டைச் சீர்திருத்த விரும்பினார்கள். பதவியிலிருந்த மெத்ரான் ஒத்துழைக்கவில்லை. அப்போது மாராமண்ணைச் சேர்ந்த மாத்யூ என்ற இளைஞர் செய்த காரியம் துணிச்சலானது. நேராகத் துருக்கியப் பேரரசின் மார்தீன் நகருக்குப் பயணமாகி, பாத்ரியார்க்கீஸையே சந்தித்து, 1842-ல் அவர் கையாலேயே ஆயராகித் திரும்பினார். இங்கே இருப்பவர் தராவிட்டால் அங்கே போய் வாங்கிக்கொள்வது! அவரை ஆயராக்கிய அதே அந்தியோக்கியா பிற்பாடு அவரை ஏற்கவில்லை. பத்ரோஸ் பாத்ரியார்க்கீஸ் தாமே கேரளத்துக்கு வந்து 1876-ல் முளந்துருத்தியில் மாமன்றம் கூட்டினார், ஏழு மறைமாவட்டங்களாகப் பிரித்தார். பழைய செமினரி யாருக்கு என்ற வழக்கில் திருவிதாங்கூர் ராயல் கோர்ட் 1889-ல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் பாத்ரியார்க்கீஸ் பக்கம் தீர்ப்பளித்தது. தோற்றவர்கள் மார்த்தோமா சபையானார்கள்.

வென்றவர்களும் நெடுநாள் சேர்ந்திருக்கவில்லை. பாத்ரியார்க்கீஸ் அப்துல்லா 1911-ல் வட்டசேரில் மார் திவன்னாசியோஸை விலக்கிவைத்தார். அடுத்த ஆண்டே துருக்கி அரசின் அங்கீகாரத்தை இழந்திருந்த வேறொரு பாத்ரியார்க்கீஸ் வந்து, நிரணத்தில் இந்தியாவுக்கென்று ஒரு காதோலிக்காவை அமர்த்தினார். காதோலிக்கா என்பது கத்தோலிக்கர் அல்ல, கீழைச் சபைகளில் பாத்ரியார்க்கீஸுக்கு அடுத்த பதவி. பதவியில் இல்லாதவர் கொடுத்த கோல் செல்லுமா? செல்லும் என்றவர்கள் ஆர்த்தடாக்ஸ், செல்லாது என்றவர்கள் யாக்கோபாயர். அந்தக் காதோலிக்காவை ஏற்ற பக்கத்துக்கு 1958-ல் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. டிசம்பரில் பழைய செமினரியில் இரு தரப்பும் கடிதம் மாற்றிக்கொண்டு சமாதானமானார்கள். 1964 மே மாதம் கோட்டயத்தை அடுத்த மணர்காட்டில் பாத்ரியார்க்கீஸ் மூன்றாம் யாக்கோபே வந்து ஔகேன் காதோலிக்காவை அமர்த்தினார். கொடுக்க வேண்டியவரே வந்து கொடுத்துவிட்டார், இனி என்ன என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆறே வருடம். 1970-ல் அதே யாக்கோப் ஒரு கடிதம் எழுதினார். அப்போஸ்தலர் தோமா குருப்பட்டம்கூடப் பெற்றவரல்ல, பிறகு தோமாவின் சிம்மாசனம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது அதன் சாரம். தோமாவின் பெயரில் பிழைக்கும் ஒரு சமூகத்திடம் சொல்லக்கூடிய பேச்சா இது? 1975-ல் மறுபடி இரண்டு காதோலிக்காக்கள். 1995-ல் ஒரு தீர்ப்பு. 2017 ஜூலை 3-ஆம் தேதி இன்னொன்று. எல்லா இடவகைகளும் 1934-ஆம் ஆண்டின் சபைச் சட்டப்படியே நடக்க வேண்டும், இணை நிர்வாகம் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆர்த்தடாக்ஸ் தரப்புக்கு முழு வெற்றி. 2019 செப்டம்பரில் பிறவம், 2020 ஆகஸ்டில் முளந்துருத்தி என்று போலீஸ் துணையோடு ஆலயங்கள் கைமாறின. உள்ளே அமர்ந்து ஜெபம் செய்தவர்களைத் தூக்கி வெளியேற்ற வேண்டியிருந்தது. பல இடங்களில் ஆலயத்தில் கூடுகிறவர்களில் பெரும்பான்மை யாக்கோபாயர், சட்டம் ஆர்த்தடாக்ஸ் பக்கம். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதன் வேதனை.

இரு தரப்பும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு. பம்பை நதிக்கரையில் பருமலை. 1876 டிசம்பரில் வட பரவூரில் பத்ரோஸ் பாத்ரியார்க்கீஸ் ஆறு பேரை ஆயராக்கியபோது மிக இளையவர் சாத்துருத்தில் கீவர்கீஸ், வயது 28. 'கொச்சு திருமேனி' என்றார்கள். நோன்பும் ஜெபமுமாக வாழ்ந்து 54 வயதில் 1902 நவம்பர் 2-ஆம் தேதி இறந்தார். 1947-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்குக் கோல் கொடுத்தது யார் என்று கேட்க இன்றுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. நவம்பர் திருவிழாவுக்குக் கேரளத்தின் மூலைமுடுக்கிலிருந்து கால்நடையாக வருகிறவர்களில் இந்துக்களும் இருக்கிறார்கள்.

கோல் கைமாறும் சடங்கு இரு தரப்புக்கும் ஒன்றே. புதியவரை நாற்காலியில் அமர்த்தி மூன்று முறை உயரத் தூக்குகிறார்கள். 'ஓக்சியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைக் கூட்டம் திருப்பிச் சொல்கிறது. இவர் தகுந்தவர் என்று பொருள். பிறகு பாம்புத் தலைக் கோலை ஆயர்கள் ஒருவர் கைக்கு மேல் ஒருவராகப் பற்றிக்கொள்கிறார்கள். தலைமை வகிப்பவர் புதியவரின் கையை எடுத்து எல்லாக் கைகளுக்கும் மேலே வைக்கிறார். 2021 அக்டோபர் 15-ல் பருமலையில் ஆர்த்தடாக்ஸ் சபையின் மூன்றாம் மாத்யூஸ் இப்படி அமர்ந்தார். 2025 மார்ச் 25-ல் லெபனானின் அச்சானே நகரில் யாக்கோபாய சபையின் பசேலியோஸ் யவுசேப் அமர்ந்தார், பாத்ரியார்க்கீஸ் இரண்டாம் அப்ரேமின் கையால். கேரள அரசு அமைச்சர் தலைமையில் ஒரு குழுவை அங்கே அனுப்பியது. ஆர்த்தடாக்ஸ் சபை அதைக் கடுமையாகக் கண்டித்தது. தேர்தல் கணக்கு பார்க்கும் மாநிலத்தில் இரண்டு கோல்களுக்கும் வணக்கம் வைக்காமல் எந்தக் கட்சியும் காலம் தள்ள முடியாது.

இந்த வழக்கின் பாரம் இறங்குவது இறந்தவர்கள் மேல். கேரளக் கிராமங்களில் ஆலயத்தை ஒட்டியே கல்லறைத் தோட்டம். தாத்தாவும் பாட்டியும் கிடக்கும் குழிக்குள்தான் பேரனும் போக வேண்டும். ஆலயம் கைமாறினால் கல்லறையும் கைமாறுகிறது. தங்கள் குருவானவர் வந்து அடக்கம் செய்ய வேண்டும் என்று குடும்பம் நிற்கும். வேறு குரு உள்ளே வரக்கூடாது என்று நிர்வாகம் நிற்கும். 2019-ல் ஆலப்புழை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியின் உடல் ஒரு மாதத்துக்கும் மேல் அடக்கத்துக்குக் காத்திருந்தது. நாடே பார்த்து முகம் சுளித்த பிறகு, 2020-ல் கேரள சட்டமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி இறந்தவர் எந்தத் தரப்பானாலும் குடும்பக் கல்லறையில் இடம் உண்டு. அந்த ஆலயத்தின் குரு வேண்டாம் என்றால் சடங்குகளை வேறு இடத்தில், விரும்பிய குருவை வைத்துச் செய்துகொள்ளலாம்.

எனவே இப்போது வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத் தங்கள் குருவை வைத்து ஜெபங்களை முடித்துக்கொள்கிறார்கள். ஊர்வலம் ஆலயம்வரை போகிறது. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளும் பேரன்களும் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிறார்கள். குருவானவர் சாலையிலேயே நின்றுவிடுகிறார்.